கதவடியில் இரண்டு பலகை

பாப்பா,

உன் கடிதம் புதன்கிழமை மத்தியானம் வந்தது. முதல் ஷிப்ட் முடிந்து மேலே வந்து, குளித்து, தட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கையில் சோறு, மறு கையில் உன் கடிதம். பாதி படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "இன்னாங்க, கொயந்திக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லியா?" என்றாள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஆனா அவ அடைக்கப் போறாடி!" என்று கத்தினேன். "எத்த அடைக்கப் போறா?" என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சாம்பார்க் கையோடு சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி, போன மாதத் தாளைக் கிழித்து, அதன் முதுகில் நீ வரைந்திருந்த மாதிரியே பெட்டி பெட்டியாகப் போட்டு அம்பு போட ஆரம்பித்தேன். "பொண்ணு கம்பூட்டர் வேலைக்குப் போனா, அப்பனுக்குக் கிறுக்கு புடிச்சிகினுது" என்று அவள் எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும். நாலு நாளாக எனக்கு உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இன்றுதான் உனக்கு எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை வந்தது. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். பொறுமையாகப் படி. உனக்குப் பொறுமை கிடையாது, அது என்னிடமிருந்து வந்த சொத்து.

முதலில், நீ எழுதியதை நான் சரியாகத்தான் பிடித்துக்கொண்டேனா என்று பார். உங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு பெரிய கணக்கை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. துண்டு துண்டாக எழுதுகிறீர்கள். ஒவ்வொரு துண்டும் ஓட்டை போட்ட அட்டைகளின் ஒரு கட்டு, ரப்பர் போட்டுக் கட்டி அலமாரியில் இருக்கும். ஒரு கட்டுக்கு வேலை ஆக வேண்டுமென்றால் இன்னொரு கட்டைக் கூப்பிடும். நீ எழுதிய கட்டை நாலைந்து அறைக்காரர்கள் எடுத்துப் போய்த் தங்கள் கணக்கோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். கூப்பிடுவது யார், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறீர்கள்; அதுதான் நீ வரைந்த அம்புகள். இது போக, எல்லாக் கட்டுகளும் எட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பொது இடம் மெஷினுக்குள் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதில் ஒரு எண்ணை வைக்கலாம், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். உன் கட்டு வேலை முடிந்து போகும்போது அந்தப் பொது இடத்தில் ஒரு எண்ணை விட்டுவிட்டுப் போகிறது. உனக்கு முன்னால் இருந்தவர் ஏதோ காரணத்துக்கு எழுதியது. எந்தக் காகிதத்திலும் அதற்கு அம்பு இல்லை. "வீண் ஒழுகல், நைனா" என்று எழுதியிருக்கிறாய். அட்டை படிக்கும் அறையில் நோட்டீஸ் ஒட்டிக் கேட்டாயாம்: "இந்த எண்ணை முறை தவறிப் பயன்படுத்துகிறவர்கள் யாராவது உண்டா?" பத்து நாளாக ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆகவே யாருக்கும் வேண்டாம். ஆகவே நாளை இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை அந்த அட்டைகளை உருவிப் போட்டுவிடப் போகிறாய். "சுத்தம் செய்வது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது தெரியுமா!" என்று வேறு எழுதியிருக்கிறாய்.

தெரியும் பாப்பா. அந்தச் சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் துண்டு துண்டாகச் செய்த ஒரு பெரிய காரியத்தில், ஒரு துண்டு இன்னொன்றை நம்பிப் பிழைப்பது எப்படி என்று தெரியும். நீ விளையாடிய தொழிலாளர் லைன் வீடுகளுக்குக் கீழே, தங்கச் சுரங்கத்தில் ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில், பாறையில் கை வைத்தால் சுடும். அங்கே மனுஷன் நிற்கிறான் என்றால் அது காற்றால்தான். மேலேயிருந்து ஷாஃப்ட் குழி வழியாக நல்ல காற்று இறங்கும். அதை, அடுக்கடுக்காக வெட்டிய லெவல்களில், இந்த லெவலுக்கு இவ்வளவு, அந்த லெவலுக்கு அவ்வளவு என்று கதவு வைத்துப் பிரித்து அனுப்புவோம். காற்று ஒன்றுதான். இங்கே ஒரு கதவைத் திறந்தால் அங்கே ஒருவனுக்கு மூச்சு குறையும். அவன் யார் என்று உனக்குத் தெரியாது, நீ யார் என்று அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒரு வரைபடத்தில் போட்டு வைத்திருப்போம். அதிலும் அம்புகள்தான்! உன் கடிதத்தில் அந்த அம்புகளைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்குமா, சொல்.

சுரங்கத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்ட கொஞ்ச காலத்துக்குப் பிறகு, நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது, என்னைக் காற்றோட்டப் பிரிவில் மேஸ்திரி ஆக்கினார்கள். வரைபடம் படிக்கத் தெரிந்த மேஸ்திரி அப்போது நான் ஒருத்தன்தான். அந்தத் தலைக்கனத்தை என்னவென்று சொல்வது! சட்டைப் பையில் வரைபடத்தை மடித்து வைத்துக்கொண்டு, பேசும்போதெல்லாம் அதைத் தட்டிக் காட்டுவேன். ஒரு லெவலில் பாறை துளைக்கிறவர்கள் காற்று போதவில்லை என்று முறையிட்டார்கள். போய்ப் பார்த்தேன். வழியில், வேலை நின்றுபோன ஒரு பழைய சுரங்கப் பாதையை மூடிய மரக்கதவு ஒன்று. கல் தூளைக் கையில் அள்ளி அதன் முன் தூவினேன். தூள் கீழே விழாமல் கதவடிக்கு ஓடியது. குனிந்து பார்த்தால் அடியில் இரண்டு பலகை இல்லை. நல்ல காற்று, ஊரெல்லாம் தவிக்கிற காற்று, அந்த ஓட்டை வழியாகப் பழைய பாதைக்குள் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறது. வரைபடத்தை விரித்தேன். பழைய பாதை சுற்றி வளைத்துப் போய் ஒரு பம்பு அறையில் முடிகிறது. ஆனால் பம்பு அறைக்கு வேறு பக்கத்திலிருந்து காற்று வருவதாக அம்பு போட்டிருந்தது. ஆகவே இந்த ஓட்டையால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. எவ்வளவு தெளிவு பார்!

அப்போதும் நான் கேட்காமல் செய்யவில்லை. இதைக் கவனி. மறுநாள் காலை, இறங்குவதற்குக் கேஜ் கூண்டின் வரிசையில் எல்லாரும் நிற்கும்போது சத்தமாகக் கேட்டேன். "அந்தப் பழைய கதவுல ரெண்டு பலகைய எவன்டா புடுங்கினது? எவனுக்காவது அதுல வேலை கீதா? இப்பவே சொல்லிடுங்க!" ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். ஆகவே யாருக்கும் வேண்டாம். இறங்கினேன், இரண்டு பலகை வைத்து ஆணி அடித்தேன், இடுக்கில் சாக்கைத் திணித்து மேலே களிமண் பூசினேன். திரும்பவும் தூள் தூவினேன். அப்படியே நேராகக் கீழே விழுந்தது. பாறை துளைக்கிற இடத்துக்குப் போனால் காற்று சிலுசிலு என்று வருகிறது. அங்கிருந்தவர்கள் என் முதுகில் தட்டினார்கள். அன்று சாயங்காலம் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் உனக்கும் அம்மாவுக்கும் மைசூர்பாகு வாங்கி வந்தேன். நீ இரண்டு துண்டு தின்றுவிட்டு மூன்றாவதற்கு அடம் பிடித்தாய்.

நான் அந்த மைசூர்பாகை வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பம்பு அறையில் ஏழுமலை கீழே விழுந்து கிடந்தான்.

ஏழுமலையை உனக்குத் தெரியும். ஊரிகத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லைனில் குடியிருக்கிறார்களே, கன்னியம்மாவின் புருஷன். அப்போது அவன் இரண்டாவது ஷிப்டில் பம்புக்காரன். எட்டு மணி நேரமும் தனியாக அந்த அறையில் உட்கார்ந்து, தண்ணீர் ஏற ஏறப் பம்பை ஓட்ட வேண்டும். அடுத்த ஷிப்ட்காரன் வந்து பார்த்தபோது பம்பு நின்றிருக்கிறது, தண்ணீர் வழிந்து கீழ் லெவலுக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, இவன் தரையில் கிடக்கிறான். தூக்கிக்கொண்டு ஷாஃப்ட் பக்கம் வந்ததும் நல்ல காற்று பட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டான். மேலே வந்ததும் விசாரணை. "தூங்கிட்டியா?" என்று கேட்டார்கள். "ஆமா சார், தூங்கிட்டேன்" என்றான். அவ்வளவுதான். பம்பிலிருந்து எடுத்துவிட்டு, தண்டவாளத்தில் கல் டிரக் தள்ளும் வேலையில் போட்டார்கள். தூங்கினான் என்று அவன் பேரில் எழுதியும் வைத்தார்கள்.

செய்தி என் காதில் விழுந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் தூங்கவில்லை. ஒருவனைத் தூங்கினாயா என்று கேட்டால் இல்லை என்றுதானே சொல்வான், இவன் ஏன் ஆமாம் என்றான் என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. சூட்டில் மயங்கியவனுக்குத் தான் மயங்கினோமா தூங்கினோமா என்று தெரியாமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. மறுநாள் யாருக்கும் தெரியாமல் அந்தக் கதவுக்குப் போய், நானே அடித்த ஆணிகளை நானே பிடுங்கி, இரண்டு பலகைகளையும் எடுத்துத் தூர வைத்தேன். புதுப் பம்புக்காரன் பிழைத்தான். பாறை துளைக்கிறவர்களுக்குக் காற்று பழையபடி குறைந்தது. அவர்களுக்கு வேறு ஏதோ சமாதானம் சொன்னேன். வரைபடத்தில் நான் ஒரு கோடு போடவில்லை. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பைத் திருத்திவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அயோக்கியத்தனம், பாப்பா. வேறு பேர் கிடையாது.

உனக்கு நினைவிருக்கிறதா, லைனில் எல்லாரும் அவனைத் தூங்குமூஞ்சி ஏழுமலை என்றுதான் கூப்பிடுவார்கள். நீயும் கூப்பிட்டிருக்கிறாய். ஒரு நாள் நம் வாசலில் அவன் போகும்போது, "தூங்குமூஞ்சி மாமா, எங்க போறீங்க?" என்று நீ கத்த, அவன் நின்று, கண்ணை மூடிக் குறட்டை விடுகிற மாதிரி செய்து காட்டிவிட்டுப் போனான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். உன்னை நான் அதட்டியிருக்க வேண்டும். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன். பதினாலு வருஷம்! புத்த விகாரையில் கண்ணை மூடி உட்கார்ந்து, பொய் சொல்ல மாட்டேன் என்று எல்லாரோடும் சேர்ந்து சொல்லிவிட்டு வெளியே வந்தால், செருப்பு மாட்டுகிற இடத்தில் அவன் நிற்பான். "இன்னாபா, சௌக்கியமா?" என்பான். சௌக்கியம் என்பேன்.

இப்போது உன் கடிதம் வருகிறது. "நோட்டீஸ் ஒட்டினேன், யாரும் வாய் திறக்கவில்லை, ஆகவே யாருக்கும் வேண்டாம்." நான் அன்று நினைத்தது அச்சு அசலாக உன் கையெழுத்தில்! எழுந்து நிற்காமல் என்ன செய்வேன்?

மூன்று நாள் உன் அம்மாவிடம் பேசிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ரிட்டையர் ஆவ ரெண்டு வருஷம் கீது. இன்னாத்துக்கு இந்த வம்பு? அவரே மறந்துட்டிருப்பாரு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, "கன்னியம்மா மறந்திருக்க மாட்டா" என்றாள். அப்புறம் என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். பேச்சில் ஒத்துக்கொள்ள மாட்டாள், சட்டை தயாராகிவிடும். உனக்குத்தான் தெரியுமே.

இன்று காலை விகாரையில் வந்தனம் முடிந்ததும் நேராக ஊரிகம் போனேன். ஏழுமலை வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். "வாபா, இன்னா இந்தப் பக்கம்?" என்றான். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். "ஏழுமல, அன்னிக்கு நீ தூங்கல. ஓட்டைய அடச்சது நான். அதுலதான் உனக்குக் காத்து வந்துகினு இருந்துது. அடச்சதும் நான், மறுநாளு தொறந்ததும் நான். யாருக்கும் சொல்லல." அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். அவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அந்த ஓட்டைய போட்டது நான்தான்பா."

அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். பம்பு அறைக்குக் காற்று வருவதாக வரைபடத்தில் இருந்ததே வேறு ஒரு வழி, அது அதற்கு இரண்டு வருஷம் முன்பு பாறை வெடித்து இடிந்து பாதிக்கு மேல் மூடிக்கொண்டதாம். படத்தில் அம்பு அப்படியே இருந்தது, காற்றுதான் இல்லை. "மூணு தபா கேட்டேன். பம்பு ரூம்ல நிக்க முடியல, காத்து குடுங்கன்னு. மொத தபா பாக்கறேன்னாங்க. ரெண்டாவது தபா, படத்துல காத்து கீதேன்னாங்க. மூணாவது தபா, உனுக்கு வேல செய்ய வலிக்குதான்னு கேட்டாங்க. அப்பால நான் கேக்கல. கடப்பாறய எடுத்தேன், ரெண்டு பலகைய புடுங்கினேன். அன்னிலேந்து மனுசனா வேல செஞ்சேன்." அப்படியானால் கேஜ் வரிசையில் நான் கேட்டேனே, அப்போது எங்கே இருந்தாய் என்றேன். "அன்னிக்கு சம்பளம் வாங்க காலம்பரயே வந்து, உன் பின்னாலதான் நின்னேன். நீ இன்னா கேட்ட? 'எவன்டா புடுங்கினது'ன்னு கேட்ட. 'யாருக்கு காத்து வேணும்'னா கேட்ட? காத்துக்கதவுல கை வச்சவன்னு தெரிஞ்சா அன்னிக்கே வேல போயிருக்கும். தூங்கினேன்னு சொன்னா வேலதான் மாறும், போவாது." அப்படிக் கணக்குப் போட்டுத்தான் "ஆமா சார், தூங்கிட்டேன்" என்று சொல்லியிருக்கிறான். அது மட்டுமில்லை. பாறை துளைக்கிறவர்களுக்குக் காற்று குறைந்தது தன்னால்தானே என்று அவனும் பதினாலு வருஷம் என் முகத்தைப் பார்க்கக் கூசியிருக்கிறான்! இரண்டு மடையர்கள் ஒருவர் முன் ஒருவர் கூசிக்கொண்டே சௌக்கியம் விசாரித்திருக்கிறோம்.

இப்போது உன் விஷயம். அந்த எண்ணைத் தொடாதே. இன்னும் தொடாதே என்றுதான் சொல்கிறேன். என்றைக்குமே தொடாதே என்று சொல்லவில்லை. நீ சொல்வது சரி, பொது இடத்தில் யாரோ எதையோ போட்டுவிட்டுப் போவதும், யாரோ வந்து சத்தமில்லாமல் எடுத்துக்கொள்வதும் கெட்ட பழக்கம்தான். அது ஒழிய வேண்டும். ஆனால் உன் நோட்டீஸை முதலில் கிழித்துப் போடு. "முறை தவறிப் பயன்படுத்துகிறவர்கள்" என்று கேட்டால் எவன் கை தூக்குவான்? உன் கட்டை எடுத்துப் போகிற ஒவ்வொரு அறைக்கும் நீயே நடந்து போ. நாற்காலி போட்டு உட்கார். "நான் எதையும் பிடுங்க வரவில்லை. உங்கள் கணக்கு எதை நம்பி ஓடுகிறது, காட்டுங்கள்" என்று கேள். எவனோ ஒருவன் அந்த எண் தனக்கு வேண்டும் என்று முன்பே முறையாகக் கேட்டிருப்பான், யாரோ காகிதத்தைக் காட்டித் துரத்தியிருப்பார்கள், அப்புறம்தான் அவன் கடப்பாறையை எடுத்திருப்பான். அவனைத் திட்டாதே. அவனுக்கு வேண்டியதை நேர் வழியில் கொடு: கூப்பிட்டால் உன் கட்டு அந்த எண்ணைக் கையில் கொடுக்கிற மாதிரி எழுது, அந்த அம்பைப் படத்தில் போடு, அவன் பேரையும் பக்கத்தில் எழுது. புது வழியில் அவன் மூச்சு விடுகிறான் என்று உன் கண்ணால் பார்த்த பிறகு பழைய ஓட்டையை அடை. புதுக் குழாய் போடாமல் ஓட்டையை அடைக்கிறவன் மேஸ்திரி இல்லை, கொலைகாரன். நான் கொலைகாரன் ஆகாமல் தப்பியது ஏழுமலையின் நல்ல காலம். என் கெட்டிக்காரத்தனத்தால் இல்லை.

இதைச் சொல்லும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்று உனக்குத் தெரிகிறதா? உன் அம்புப் படம் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் புத்தி வந்திருக்காது. நானும் ஏழுமலையும் இன்று அவன் வாசலிலேயே உட்கார்ந்து உன்னைப் போலவே பெட்டி போட்டு ஒரு தாள் எழுதினோம். எந்தக் கதவு, அதன் வழியாக எங்கே போகிறது, அங்கே மூச்சு விடுகிறவன் பேர் என்ன. அந்தக் கடைசி விவரம் நம் வரைபடங்களில் கிடையாது, நான் சேர்த்தது. உங்கள் படத்திலும் சேர்த்துக்கொள். நாளைக்குக் காலை இதை அதிகாரியிடம் கொடுக்கப் போகிறேன். அந்த ஓட்டை இன்றும் அப்படியேதான் இருக்கிறது, இன்றும் ஒருவன் அதை நம்பித்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறான். நான் ரிட்டையர் ஆனதும் வரைபடம் படிக்கத் தெரிந்த இன்னொரு கெட்டிக்காரன் வருவான், தூள் தூவுவான், ஆணி அடிப்பான். அதனால்தான் நாளைக்கே. தாளின் அடியில், அடைத்தது நான் என்று என் கையெழுத்து, பலகையைப் பிடுங்கியது நான் என்று அவன் கையெழுத்து. விளக்கம் கேட்டு மெமோ வரும். வந்தால் வரட்டும், விளக்கம்தான் கை நிறைய இருக்கிறதே!

கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஏழுமலைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு ரயிலைப் பார்த்து நடக்கலாம் என்று எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்தான். "ஆபீஸ் கெடக்கட்டும்பா. உள்ள வந்து அவகிட்ட சொல்லு" என்றான். அப்போதுதான் உறைத்தது. கன்னியம்மாவுக்குத் தெரியாது. பதினாலு வருஷம் அவன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை! சொல்லியிருந்தால் அவள் மறுநாளே ஆபீஸ் வாசலில் போய் நின்றிருப்பாள், வேலை போயிருக்கும் என்ற பயம். குழாயடியில் சண்டை வந்தால் முதல் வார்த்தையாக அவளிடம், "உன் புருஷன் தூங்கி எங்க லெவல்ல தண்ணி வுட்டவன்தானே" என்பார்களாம். அவள் அதை வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் இவனைப் பிடித்துக் கத்துவாளாம். இவன் கேட்டுக்கொண்டிருப்பானாம்.

உள்ளே போனேன். அவள் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "வாண்ணா" என்று நகர்ந்து உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றும் விடாமல். கேட்டு முடித்து அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள். "யோவ், அப்போ நீ தூங்கலியா?" என்றாள். "இல்ல" என்றான் ஏழுமலை. "அப்போ இன்னாத்துக்குயா நான் திட்டும்போதெல்லாம் தலைய தலைய ஆட்டின?" நான் குறுக்கே புகுந்து, தப்பு என்னுது கன்னியம்மா, என்னைத் திட்டு என்றேன். "உன்ன திட்ட இன்னும் நாளு கீதுண்ணா. மொதல்ல எழுந்திரு" என்றாள்.

என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உன் அம்மா இஸ்திரி போட்ட மடிப்பெல்லாம் கசங்கிப்போயிற்று. வெளியே குழாயடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், குடமும் வாளியுமாகப் பாதி லைன் அங்கேதான் நிற்கிறது. கன்னியம்மா நடுவில் போய் நின்றுகொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினாள்: "எல்லாரும் கேட்டுக்குங்க! எங்க வூட்டுக்காரரு தூங்கலியாம்! காத்து இல்லாம வுயுந்தாராம்! இவருதான் காத்த அடச்சாராம், இவரே சொல்றாரு!" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு மட்டும் சொன்னா போதுமாண்ணா? இந்த லைனுக்கே சொல்லு."

நாற்பது கண் என்னைப் பார்க்கிறது. வெள்ளைச் சட்டை போட்ட மேஸ்திரி நான். ஆனாலும் கத்தினேன் பாப்பா, இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். "ஏழுமல தூங்கல! காத்த அடச்சது நான்! தப்பு என்னுது!" யார் வீட்டு வாளியோ நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, ஒருத்தரும் குழாயை மூடவில்லை.

திரும்பினேன். ஏழுமலை தன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எண்ணெய்த் துணியை முகத்தில் வைத்திருந்தான், தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. துணியை எடுக்காமலே, "இன்னொரு தபா சொல்லுபா" என்றான்.

இன்னொரு தரம் சொன்னேன்.

உன் நைனா